பாலைவனத்துக் கருப்பன்

உசிலம்பட்டி டூரிங் கொட்டகையில் பெண்கள் பக்கத்து மணலில் முத்துத்தாய் தன் நாத்தனார் சின்னத்தாயோடு உட்கார்ந்திருக்கிறாள். புருஷன் பேயாண்டி பட்டாளத்தில் சேர்ந்து, எங்கோ ஒரு பாலைவனத்தில் சண்டை போடுகிறான். "அங்க ஒதுங்க ஒரு நெழலு கெடையாது" என்று லீவில் வந்த சிப்பாய் ஒருவன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த வெள்ளைக்காரப் படத்தில் பாலைவனம் வருகிறதென்று கேள்விப்பட்டுத்தான் வந்திருக்கிறாள். திரையில் ஒரு குதிரைக்காரன் போய்க்கொண்டே இருக்க, வெறும் மணலாகவே ஓடுகிறது. சட்டென்று நட்டநடுவில் ஒற்றை மணற்பாறை, கோபுர உயரத்துக்குத் தன்னந்தனியாக நிற்கிறது. பீடிப்புகையில் நெளியும் வெளிச்சம் அதன் உச்சியில் நடுங்குகிறது. "கருப்பா!" என்று கையெடுத்துக் கும்பிட்ட முத்துத்தாய், நாக்கைச் சுழற்றிக் குலவை போடுகிறாள். ஒருத்தி தொடங்கினால் மற்றவர்கள் சும்மா இருக்கலாமா? பெண்கள் பக்கம் முழுக்கக் குலவை எழும்புகிறது.

"ஏத்தா, குதிரைக்காரனுக்கா குலவை?" என்று ஆண்கள் பக்கம் ஒரே சிரிப்பு.

"அது அமெரிக்காக்காரன் சீமையாம்டி" என்கிறாள் சின்னத்தாய், காதோடு.

"இருக்கட்டும் மதினி. அங்க நிக்கிற சாமி ஒங்க தம்பி இருக்கிற எடத்துல நிக்காதா? நெழலப் பாருங்க, எம்புட்டு நீளம்!"

அந்த நிழலில் குதிரைக்காரன் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் குடிக்கிறான். முத்துத்தாய் நிம்மதியாக மூச்சு விட்டுக் காலை நீட்டிக்கொள்கிறாள். அவனோ வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குதிரையில் ஏறப் போகிறான்.

"ஏப்பா, அதுக்குள்ள எங்க கெளம்புற?" என்கிறாள் அவள் திரையைப் பார்த்து. "வெயில் தாழட்டும், உக்காரு."