நூற்றொரு டிகிரி

“என் ரத்தத்துல இருந்த செல்லையே எடுத்து, மாத்தி, எனக்கே தடுப்பூசியா போடறாங்களாம், புற்று பரவாம இருக்க. ஆராய்ச்சிங்கறதால பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணி. யாருக்கு எதுன்னு சொல்ல மாட்டாங்க. எனக்குத் தண்ணிதான்.”

சொல்லிக்கொண்டே கணவர் அக்குளிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து மனைவியிடம் கொடுத்தார்.

“நிஜ ஊசின்னா காய்ச்சல் வரும்னு நர்ஸ் சொன்னாங்கல்ல? இருங்க, வெளிச்சத்துல பார்க்கறேன்.” மனைவி சமையலறைக்குப் போய்த் திரும்பினாள். “நூத்தி ஒண்ணு!”

“உடம்பு சுடலையே?”

“கல்யாணத்தன்னிக்கே என் வயசைச் சந்தேகப்பட்ட ஆளாச்சே நீங்க!”

அவர் சிரித்தார். மறுவாரம் அவர் இல்லை.

ஊசிக்குப் பிறகு அவர் தினமும் எழுதிவந்த ஆய்வுக் குறிப்பேட்டை வாங்கிப்போக நர்ஸ் வந்தாள். கொடுக்கும் முன் மனைவி கடைசிப் பக்கத்தைப் படித்தாள்.

‘இன்றும் 98.4. பார்த்துவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன். வழக்கம்போல வெந்நீரில் முக்கி எடுத்துவந்து நூற்றொன்று என்றாள். நர்ஸம்மா, எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதீர்கள். எனக்குக் காய்ச்சல் என்றால்தான் அவள் நிம்மதியாகச் சாப்பிடுகிறாள்.’

அலமாரியில் தெர்மாமீட்டர் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் உதறவில்லை. பாதரசம் நூற்றொன்றிலேயே நின்றது.