அறைக்குள் சொன்ன சொல்

டொக்டரின் அறையிலிருந்து வெளியே வந்த அப்ராஸ் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டான். வாப்பாவின் முகத்தைப் பார்க்காமல் போய் ஓரத்து வாங்கில் உட்கார்ந்தான்.

பதியுதீன் ஹாஜியாருக்கு அந்த வியர்வை பிடிக்கவில்லை. தங்கைக்குச் சிறுநீரகம் கொடுக்கப் போகிறவன் நெஞ்சை நிமிர்த்தியல்லவா வரவேண்டும்? தன்னுடையதைக் கொடுக்க அவரை நீரிழிவு நோய் விடவில்லை. "என்ட மகன் குடுக்கான்" என்று போன ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் ஊரே கேட்கச் சொல்லியிருக்கிறார். சாய்ந்தமருதில் அவர் சொல் தவறியதில்லை.

அடுத்து மகள் ஜெனூபாவைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். அவள் வெளியே வந்ததும் டொக்டர் இளையதம்பி ஹாஜியாரைக் கூப்பிட்டார்.

"ஹாஜியார், இந்த ஒப்பரேஷன் நடக்காது."

"ஏன், பொருந்தல்லையா?"

"காரணம் கேக்காதீங்க."

"அவன் பயந்துட்டானா? செல்லுங்க டொக்டர்!"

"என்ட நோயாளி என்னை நம்பித் தனியச் சொன்னதைப் பெத்த வாப்பாக்கும் நான் சொல்லக்கூடாது. அது சட்டம்."

ஹாஜியார் கதவை அறைந்து சாத்தினார். விறுவிறென்று மகனிடம் வந்தார்.

"கடல்ல கிழமைக்கணக்காக் கிடக்கிறவனுக்குக் கத்தியெண்டா பயமோ?"

"நான் ஓம் எண்டுதான் சொன்னன் வாப்பா. வல்லாஹி!"

"பொய்க்குச் சத்தியம் வேற! பொண்டாட்டிக்குப் புள்ள கிடைக்கப் போகுதெண்டு உசிரைப் பொத்திக்கிட்டாய். இனி அவள்ட ஊட்டோடயே கிட. நான் மௌத்தானா மையத்தைப் பார்க்கவும் வராத!"

மருந்துக்கு நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. அப்ராஸ் எழுந்து, தலையைக் குனிந்தபடி வெளிவாசலை நோக்கி நடந்தான்.

ஹாஜியார் மகளின் முன்னால் போய் நின்றார். வீங்கிக் கிடந்த அவளுடைய கால்களைக் கண்டதும், மனைவியை அடக்கம் செய்த நாளிலும் கலங்காத கண்கள் நிறைந்துவிட்டன.

"கூடப் பொறந்தவனே உன்னைக் கைவிட்டுட்டான் மகள்."

ஜெனூபா, வாசலைத் தாண்டும் அண்ணனைப் பார்த்தபடி அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காக்காவைக் கூப்பிடுங்க வாப்பா. வேணாம் எண்டது நான்."