சிவப்புக் காரும் லாங் ஐலண்ட் போட்டும்

அப்துல் வாஹித் பாயின் கார் மறுபடியும் லாரியில் மோதி நொறுங்கியது. "நாசமாப் போறவன்! குறுக்க வந்து விழுறான் பாரு!" என்று அவர் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார்.

பாய்க்குக் கார் ஏது? அவருக்கு இருந்ததெல்லாம் அபர்தீன் பஜாரில் ஒரு ஜவுளிக்கடையும் ஓட்டை சைக்கிளும்தான். கார் ஓடியது உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் பெட்டிக்குள்ளே.

கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் அய்யூப், பாயின் மகள் சம்சாத்துக்கென்று சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த விளையாட்டுப் பெட்டி அது. கீழே மின்னும் சிவப்புக் கோடு நம்முடைய கார்; எதிரே இறங்கி வரும் கோடுகளெல்லாம் லாரி. மோதினால் பெட்டி 'கீ' என்று அழும். எழுபத்தொன்பதில் போர்ட் பிளேரிலேயே இப்படி ஒரு சாமான் வேறு யாரிடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

நேற்றே பேட்டரிக்கட்டை தீர்ந்து பெட்டி செத்துக் கிடந்தது. மெட்ராஸ் கப்பல் வராததால் பஜார் முழுக்கத் தேடியும் ஒரு கட்டை கிடைக்கவில்லை. காலையில், படகுத்துறை ஜெட்டியில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டு மத்தியாஸின் குழாயில் தண்ணீர் பிடித்து வந்த சம்சாத்துதான் வாப்பா மேல் இரக்கப்பட்டு, ரேடியோவிலிருந்த கட்டைகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுக் கொடுத்தாள்.

"ஏண்டி, போட் நியூஸ் கேக்க வேணாமா? இன்னிக்குப் பார்த்தா ரேடியோவக் கழட்டுவ?" என்று அடுப்படியிலிருந்து ஜன்னத் பீவி சத்தம் போட்டாள்.

"போட் எப்பவும் பத்து மணிக்குத்தானே உம்மா. வாப்பா ஆசையா ஆடுறாங்க, விடுங்களேன்."

அன்று பாய் லாங் ஐலண்டுக்குப் போட் ஏற வேண்டும். சும்மா போகிற பயணமா அது? அங்கே ஒரு மரக் காண்டிராக்டர் சம்சாத்தைப் பெண் கேட்டிருந்தார். வயது நாற்பது, முதல் மனைவி மௌத்தாகிவிட்டாள். ஆனால் சொந்த வீடு, வீடு நிறைய ஆள் அம்பு. 'வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குள்ள நேர்ல வந்து வார்த்தை குடுக்கணும், இல்லேன்னா மாயாபந்தர் பொண்ணைப் பேசி முடிச்சிருவேன்' என்று கறாராக ஆள்விட்டுச் சொல்லியிருந்தார்; நாளைக்கு வெள்ளி.

டீச்சர் டிரெயினிங் சேர வேண்டும் என்று சம்சாத் ஒரு தடவை கேட்டாள். "படிச்சுக் கிழிச்சது போதும்" என்று பாய் அதட்டியதோடு சரி, அப்புறம் அவள் வாயைத் திறக்கவில்லை. மௌனம் சம்மதம் என்று பாய் எடுத்துக்கொண்டார்.

எங்கேயோ கப்பல் சங்கு ஊதியது. "வாப்பா, லாரி! இடது பக்கம் திருப்புங்க, இடது பக்கம்!" என்று சம்சாத் கத்தினாள். பாய் திருப்புவதற்குள் பெட்டி 'கீ' என்று அழுதது.

"சே! இந்தச் சனியன் என்னையத்தான் குறிவச்சு வர்றான்!"

"இன்னும் ஒரே ஒரு ஆட்டம் வாப்பா. இப்ப ஜெயிச்சிருவீங்க."

ஜெயிக்கவில்லை. வேர்த்து விறுவிறுத்து, வாயில் வந்தபடியெல்லாம் அந்த லாரியைத் திட்டித் தீர்த்துவிட்டு, ஒன்பதரைக்கு வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு, அல்வா டப்பாவோடு சைக்கிளை மிதித்தார்.

ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஈ காக்கை இல்லை. கயிறு சுருட்டிக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "அரே சாச்சா, போட் தோ சலா கயா, போயிருச்சு! தூஃபான், புயல் வரும்னு சீக்கிரமே விட்டாச்சு. ரேடியோல சொன்னாங்களே, கேக்கலியா?"

"அடுத்த போட்?"

"அடுத்த ஹஃப்தா!"

அடுத்த வாரம்! அதற்குள் மாயாபந்தரில் நிச்சயம் பண்ணி, சேமியாப் பாயசமே கொடுத்து முடித்துவிடுவார்களே! அல்வா டப்பாவை ஹேண்டில்பாரில் மாட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டே பாய் வீடு வந்து சேர்ந்தார்.

வந்தவர் நேரே அந்தப் பெட்டியை எடுத்து முற்றத்தில் வீசினார். "யா அல்லாஹ்! ஒரு பொம்மைக் காருக்காக எம்புள்ள வாழ்க்கையையே தொலைச்சிட்டேனே! என்னை மாதிரி ஒரு மடையன் உண்டா?"

ஜன்னத் பீவி தலையில் அடித்துக்கொண்டாள். "வயசுக்குத் தக்க புத்தி வேணும். ஊரெல்லாம் கேட்ட நியூஸ் நமக்கு மட்டும் கேக்காமப் போச்சே!"

சம்சாத் மட்டும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. டீயை ஆற்றி வாப்பாவின் கையில் கொடுத்தாள். "அழாதீங்க வாப்பா. அல்லாஹ் நாடலைன்னா நாம என்ன செய்ய முடியும்?"

அந்தப் பொறுமையைத்தான் பாயால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். மகளின் தலையில் கையை வைத்தார்.

"உனக்கு நான் செஞ்சது அநியாயம்மா. அல்லாஹ் மேல சத்தியமாச் சொல்றேன், இந்த வருசமே உன்னை டீச்சர் டிரெயினிங்ல சேத்துவிடுறேன். படிச்சு முடிக்கிற வரைக்கும் இந்த வீட்ல யாரும் கல்யாணப் பேச்சை எடுக்கக்கூடாது!"

சம்சாத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். பாவம், அழுகிறாள் என்று நினைத்துப் பாயும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத் துணி காயப்போட வந்த மத்தியாஸின் மனைவி சிசிலியா, வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்துத் திகைத்தாள்.

"என்ன பாய், நீங்க போவலியா? போட்டு ஏழு மணிக்கேன்னு விடிஞ்சதும் சம்சாத்துகிட்ட சொல்லிவிட்டேனே!"