தீர்ந்துபோன சந்தேகங்கள்

பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பத்து வருடம் இருந்த நர்ஸுக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மாற்றலாகி வந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்தது. மதியத்துக்கு மேல் பேச்சுத் துணைக்கு ஈ, காக்கை கிடையாது.

வழிகாட்டித் திட்டத்தில் ஒரு சீனியர் அக்காவை ஒதுக்கியிருந்தார்கள். தினமும் நாலு மணிக்கு அக்காவே கூப்பிடுவாள்.

"என்ன சந்தேகம்? சட்டுனு கேளு, எனக்குத் தலைக்கு மேல வேலை."

தடுப்பூசி அட்டவணை, கர்ப்பிணிகள் பதிவேடு, சொன்னபடி கேட்காத சர்க்கரை நோயாளியிடம் பேசும் விதம் எல்லாம் அந்தப் போனில்தான் கைவந்தன. ஒரு வருடத்தில் சந்தேகமே தீர்ந்துபோயிற்று. இனியும் அக்காவைப் பிடித்து வைப்பது பாவம் என்று தலைமை அலுவலகத்துக்குப் பேசினாள்.

"இனி நானே சமாளிச்சுக்குவேன் சார். அக்காவை வேற புது நர்ஸுக்கு மாத்தி விடுங்க."

"எந்த அக்காம்மா? அந்தத் திட்டம் ஆறு மாசத்துலயே முடிஞ்சிருச்சே. அவங்க அப்பவே ரிடையராகி, வீட்ல தனியா இருக்காங்க."

நாலு மணிக்குப் போன் அடித்தது.

"ம், சொல்லு. இன்னைக்கு என்ன?"

"நிறைய இருக்குக்கா," என்றாள் நர்ஸ். "ஒரே நாள்ல முடியாது போல."

மறுமுனையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.