டீசலில் புகுந்த காற்று

வழியில் நின்றுபோன பிக்கப்பின் சாவியை வைசன் மறுபடியும் திருப்புகிறான். ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. பின்னால், வைக்கோல்மேல் விரித்த துணியில், அவன் தங்கை தமண்டா பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறாள். கசுங்கு ஆஸ்பத்திரிக்கு இன்னும் இருபது கிலோமீட்டர். சாலையோரம் மாவு மில் நடத்தும் எஸ்நாத், புருவமெல்லாம் சோளமாவு வெளுத்திருக்க, ஸ்பேனரோடு வருகிறாள். "பின்னால புகை வருதா, தம்பி?" "பொட்டுப் புகை இல்லக்கா." "அப்ப டீசல் போய்ச் சேரல. பேட்டரியக் கொல்லாம சும்மா இரு." திறந்த பானெட்டுக்கடியில் காலை வெயில் எஞ்சின்மேல் சாய்வாக விழுகிறது. டீசல் ஃபில்டரின் தலையிலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அமுக்குகிறாள். டீசல் சோப்பு நுரைபோலப் பொங்கி வருகிறது. "காத்து புகுந்திருக்கு. என் மில்லும் இப்படித்தான் சண்டித்தனம் பண்ணும்." குழாய் நெடுக விரலால் தடவிப் போனவள் ஓரிடத்தில் நிற்கிறாள். அங்கே ஈரம், கிளிப் நெகிழ்ந்திருக்கிறது. அதை இறுக்கி, நுரை அடங்கி டீசல் தெளிவாக வழியும்வரை பம்பை அமுக்கி, திருகை மூடுகிறாள். "இப்ப சாவியத் திருப்பு." எஞ்சின் இருமுகிறது, வெள்ளைப் புகை கக்குகிறது, பிறகு சீராக உறுமுகிறது. வைசன் இறங்கி ஓடிவந்து, ஊர்த்தலைவர் முன்னால் செய்வதுபோல முழங்கால் மடித்து, குழித்த கைகளை மெல்லத் தட்டி, ஊர் வழக்கப்படி நன்றி சொல்கிறான். "எனக்கெதுக்குய்யா கைதட்டு? வண்டிய எடு, பிள்ளை உனக்காகக் காத்துக்கிட்டிருக்குமா?" வண்டி நகர்கிறது. பின்னாலிருந்து, ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே, தமண்டாவும் எஸ்நாத்துக்கு நன்றியாகக் கைதட்டும் சத்தம் கேட்கிறது.