எம் வரைக்கும் இங்கே

"வேணும்னேதான் கதவைச் சாத்திக்கினே நீ!"

"நான் சாத்தல நைனா, அது தானா சாத்திக்கும்..."

"நாலு மணிக்குத் திருவேற்காட்டுலேர்ந்து உன்னப் பொண்ணு பாக்க வராங்க. இன்னிக்கின்னு பாத்து..."

"கத்தாத. உனக்கு இழுப்பு வந்துடும்."

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறை அது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் உள்ளே இரண்டே பேர். எலெக்ட்ரீஷியன் தங்கவேல் ஏசியைக் கழற்றிப் போட்டிருந்தார். அவர் மகள் சொர்ணம்தான் அங்கே கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள்.

ஜன்னல் இல்லாத அறை. உள்ளே வரவும் வெளியே போகவும் இரும்புக் கதவில் கார்டைச் செருகினால், ஆளின் பெயர் கம்ப்யூட்டரில் இருந்தால்தான் திறக்கும். தங்கவேல் நாலாவது முறையாகச் செருகினார். சிவப்பு விளக்கு.

"இருபத்தாறு வருசமா வேல பாக்கறேன். என் பேரு இல்லைங்குதா இது?"

"இருக்கு நைனா. ஆவடில கீது. அங்க புது ஃபாக்டரி வந்ததும் ஒரு கம்ப்யூட்டர் தாங்கல. போன வாரம் எல்லார் பேரையும் ரெண்டா பிரிச்சாச்சு. ஏ-லேர்ந்து எம் வரைக்கும் இந்தப் பெட்டி, மீதி எழுத்தெல்லாம் ஆவடிப் பெட்டி. நடுவுல டெலிபோன் லைன். நாம உள்ள வந்தப்புறம் ரோட்ல பள்ளம் தோண்டி அத்த அறுத்துட்டாங்க போல. போனும் செத்துக் கெடக்குது."

"அதுக்கு நான் இன்னா பண்ணுவேன்?"

"நம்ம ஆபீஸ்ல இனிஷியலோட சேத்துப் பேர ஏத்திட்டாங்க. நீ வி.தங்கவேல். ‘வி’ ஆவடிப் பெட்டி."

"எங்கப்பன் வரதன் செத்தும் என்ன உட மாட்டேங்கறானா! செரி, உன் கார்டைப் போடு."

"நான் டி.சொர்ணம், தங்கவேலுக்கு ‘டி’. அதுவும் ஆவடிதான்."

"போட்டுத்தான் பாரேன். இன்னா தேஞ்சா பூடும்?"

"எடுக்காது நைனா. விடேன்." கழுத்தில் தொங்கிய கார்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள்.

தங்கவேல் கதவைத் தட்டினார், உதைத்தார். வாட்ச்மேன் இருப்பது தூரத்து கேட்டில். புழுக்கம் ஏறியது. கத்திக் கத்தி அவருக்கு இருமல் வந்தது, இருமலுக்குப் பின்னால் இழுப்பு. மூச்சுக்கு அடிக்கும் பம்ப், வெளியே சைக்கிளில் மாட்டிய பையில் இருந்தது.

"சொர்ணம்..." என்றார். அதற்குமேல் பேச்சு வரவில்லை, விசில் சத்தம்தான் வந்தது. சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். உதடு கறுத்துக்கொண்டு வந்தது.

சொர்ணம் அவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். பொத்திய கையை விரித்துக் கார்டைச் செருகினாள்.

பச்சை விளக்கு. கதவு திறந்தது.

நாற்காலியைக் குறுக்கே தள்ளிவிட்டு ஓடினாள். பம்ப்பைக் கொண்டுவந்து அவர் வாயில் வைத்து இரண்டு தடவை அழுத்தினாள். மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது.

தங்கவேல் திறந்த கதவைப் பார்த்தார். பிறகு அவள் கழுத்துக் கார்டை.

"டி... ஆவடின்னு சொன்னியே?"

சொர்ணம் அவர் காலடியில் உட்கார்ந்தாள்.

"மூணு மாசமா நான் டி.சொர்ணம் இல்ல நைனா."