குழாய்ச் சத்தம்

பையில் ஐந்து மில்லி. ஒரு மணி நேரத்துக்கு முன்பும் அதே ஐந்துதான்.

அம்மா ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டுக்கொண்டு, கீழே தொங்கிய அந்தப் பையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

நேற்று ஆபரேஷன். இன்று சாயங்காலத்துக்குள் சிறுநீர் இறங்காவிட்டால் டயாலிசிஸ் மெஷினில்தான் போடவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

மகன் கண்ணை மூடிக் கிடந்தான். முகம் லேசாக ஊதியிருந்தது.

அவர்கள் வீட்டில் யாரும் அந்த வார்த்தையை வாய்விட்டுச் சொன்னதில்லை. 'பின்பக்கம் போயிட்டு வரேன்' என்பார்கள். விருந்தாளி இருந்தால் அதுவும் கிடையாது. இன்று காலையிலிருந்து சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கூச்சநாச்சமில்லாமல் போனில் அதையேதான் விசாரித்தார்கள்.

இப்போது அவள் தம்பி.

"ஒண்ணுக்குப் போச்சாக்கா?"

"பார்த்துட்டேதான் இருக்கேன்."

"புது வண்டி இல்ல? கொஞ்சம் மக்கர் பண்ணும். ஓட ஆரம்பிச்சா நிக்காது, பாரு."

அம்மா போனை வைத்தாள்.

எழுந்துபோய் மூலையிலிருந்த வாஷ்பேசின் குழாயை மெல்லிசாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் ஒரே சீராக விழுந்தது. திரும்பி வந்து மகனின் காதருகே குனிந்து, "ஸ்ஸ்ஸ்..." என்றாள். இரண்டு வயதில் இதற்கு உடனே பலன் இருந்தது.

பின்னால் நர்ஸ் நின்றிருந்தாள்.

"ட்யூப் போட்டிருக்கும்மா. இதுக்கெல்லாம் வராது."

குழாயை மூடிவிட்டு வந்து, குனிந்து பையைப் பார்த்தாள். சார்ட்டில் இன்னொரு ஐந்து எழுதினாள்.

அவள் போனதும் மருமகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவள் முகத்தில்.

"அத்தை, மேல வாங்க. உங்க பெரிய பிள்ளைக்கு ரெண்டு பை ரொம்பி மூணாவது மாட்டியிருக்காங்க. தம்பி குடுத்த கிட்னி பிச்சு உதறுது."

சொல்லும்போதே அவள் கண் கட்டிலுக்குக் கீழே போனது. வாயை மூடிக்கொண்டாள்.

சின்னவன் கண்ணைத் திறக்காமலே கேட்டான்.

"அண்ணனுக்கு வந்துடுச்சாம்மா?"

"வந்துடுச்சுடா."

மனுஷனுக்கு ஒன்று போதும் என்று போன மாதம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவள் அம்மாதான்.